தடைக்காலத்தில் ஒரு பந்துப் பருவம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை எங்கள் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்று கிழக்குக் கடற்கரை முழுவதற்கும் விதிக்கப்பட்டிருக்கும் 61 நாள் தடை. அந்த நாட்களில் எங்கள் தெருவில் ஆண்கள் இருப்பார்கள், வருமானம் இருக்காது. பிள்ளைகளுக்கோ விடுமுறை. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, அந்த 61 நாட்களுக்குள் சிறுவர் சிறுமியருக்கு சாஃப்ட்பால், பேஸ்பால் லீக் ஒன்றை நடத்துகிறார்கள். இந்த ஆண்டு என் இரண்டு பிள்ளைகளும் அதில் விளையாடினார்கள். மூத்தவளுக்கு 11 வயது, சின்னவனுக்கு 7.

பெரியபட்டினத்திலிருந்தும் ரெகுநாதபுரத்திலிருந்தும் தையலுக்கு வருகிற பெண்கள் இப்போதே கேட்கிறார்கள்: "அக்கா, பிள்ளையைச் சேர்க்கலாமா? பணத்துக்கு ஏற்றபடி இருக்கிறதா? அடிபடாதா?" துணியை வெட்டிக்கொண்டே பாதிப் பதில் சொல்லி அனுப்புவது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் முழுவதையும் எழுதிவிடுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்ல வேண்டும். அணிகளின் பனியன்களில் எண் தைத்துக் கொடுத்தது நான். அதற்குக் கூலி வாங்கியிருக்கிறேன். அந்தக் கூலிக்காக எதையும் கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை.

நடத்துகிறவர்கள் இருவர். ஒருவர் ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர். பல ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு சாஃப்ட்பால் கற்றுக்கொடுத்தவர். ஊரே அவரை 'சார்' என்றுதான் அழைக்கிறது. இன்னொருவர் அமெரிக்காவில் சில ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பிய தம்பி. அங்கே அவருடைய பிள்ளைகள் விளையாடிய லீக்கின் வழிமுறைகளை இங்கே கொண்டுவந்திருக்கிறார். 1939இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட் என்ற ஊரில் கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் அக்கம்பக்கத்துச் சிறுவர்களுக்காக மூன்று அணிகளுடன் தொடங்கியது அது. 'லிட்டில் லீக்' என்று பெயர். சிறுமிகளை அதில் சேர்த்துக்கொண்டது 1974இல்தான். அதைக் கேட்டபோது எனக்கு வருத்தமாக இருந்தது. எங்கள் ஊரில் முதல் நாளிலிருந்தே பெண் பிள்ளைகள் இருந்தார்கள் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

மார்ச் மாதம் பதிவு. ஒரு பிள்ளைக்கு 600 ரூபாய், கூடப் பிறந்தவருக்கு 300. பிறப்புச் சான்றிதழ் நகல் கேட்கிறார்கள். வயதை வைத்துத்தான் பிரிவு என்பதால் அதில் விட்டுக்கொடுப்பதில்லை. மூச்சிரைப்பு, வலிப்பு போன்ற தொந்தரவு உண்டா என்று தனித்தாளில் எழுதி வாங்குகிறார்கள். பனியனும் தொப்பியும் அந்தப் பணத்துக்குள் அடக்கம். பேட், பந்து, ஹெல்மெட் எல்லாம் லீக்குடையவை. மார்ச் என்பது எங்களைப் போன்ற வீடுகளுக்குக் கை இறுகும் மாதம். தடைக்கால நிவாரணமான 8,000 ரூபாய் கைக்கு வந்த பிறகு தரலாமா என்று தயங்கித்தான் கேட்டேன். சார் பதில் சொல்லாமல், பணம் என்ற கட்டத்தில் 'பிறகு' என்று எழுதி ரசீதை நீட்டினார். அந்தக் கட்டம் ரசீதிலேயே அச்சாகியிருந்தது. கேட்கிறவர்கள் கூசக் கூடாது என்று முன்பே நினைத்திருக்கிறார்கள்.

பணத்தோடு இன்னொன்றும் தர வேண்டும்: வேலை. பிள்ளையைச் சேர்க்கும் ஒவ்வொரு வீடும் ஒரு பொறுப்பை எடுத்தாக வேண்டும். மைதானத்தில் சீமைக் கருவேல முள் பொறுக்குவது, சுண்ணாம்புக் கோடு போடுவது, தண்ணீர்க் குடம் நிறைப்பது, பயிற்சியாளருக்குத் துணையாக நிற்பது, ஸ்கோர் எழுதுவது. பட்டியலைப் பார்த்தவுடன் நான் ஸ்கோர் புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அளவெடுத்து எழுதுகிற கைக்கு அது சரியாக வரும் என்று தோன்றியது.

ஏப்ரல் முதல் வாரத்தில் 'தேர்வு நாள்'. பெயரைக் கேட்டுப் பயந்தேன், தேறாத பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று. யாரையும் அனுப்புவதில்லை. பிள்ளைகளின் முதுகில் ஒரு எண்ணைக் குத்திவிட்டு ஓடவும், எறியவும், பிடிக்கவும், அடிக்கவும் சொல்கிறார்கள். பயிற்சியாளர்கள் எண்ணுக்கு நேரே மதிப்பெண் போடுகிறார்கள். அன்று மாலையே அவர்கள் உட்கார்ந்து பிள்ளைகளைப் பிரித்துக்கொள்கிறார்கள். முதல் சுற்றில் நீலம், மஞ்சள், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் ஆளுக்கு ஒருவரை எடுத்தால், அடுத்த சுற்று சிவப்பிலிருந்து திரும்பி வருகிறது. வலை பின்னும்போது ஊசி போய்த் திரும்புவது போல. முதலில் எடுத்தவருக்கே மறுபடியும் முதலிடம் கிடைக்காது. பயிற்சியாளரின் சொந்தப் பிள்ளைக்கும் மதிப்பெண் உண்டு. அது எந்தச் சுற்றில் வர வேண்டுமோ அந்தச் சுற்றைச் செலவழித்துத்தான் தன் அணிக்கு எடுக்க முடியும்.

எங்கள் ஊரில் எந்த விளையாட்டானாலும் தெருவுக்கு ஓர் அணி என்றுதான் அமையும். பிறகு பந்தை விட்டுவிட்டுத் தெருக்கள் மோதிக்கொள்ளும். இங்கே அது நடக்கவில்லை. என் மகளின் பச்சை அணியில் எங்கள் கடலோரத் தெருவிலிருந்து இருவர் மட்டும். பள்ளிவாசல் தெருவிலிருந்து மூவர், மேற்கே பனங்காட்டுக் குடும்பங்களிலிருந்து மூவர், அரசு ஊழியர் வீட்டுப் பிள்ளைகள் இருவர். ஆக 10 பேர். இரண்டாவது வாரத்திலேயே ஒருத்தியின் தாயை என் மகள் 'லாத்தா', அதாவது அக்கா, என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். "உன் வயதுக்கு மாமி என்று சொல்" என்று நான் திருத்தினேன். அவர் சிரித்துக்கொண்டு, "விடுங்கள், லாத்தாவே இருக்கட்டும்" என்றார்.

மூன்று பிரிவுகள். 6 முதல் 8 வயது வரை உள்ளவர்களுக்கு எறிபவரே கிடையாது. இடுப்பளவு உயரத்தில் ஒரு ரப்பர் தண்டின் மேல் பந்தை வைத்துவிடுகிறார்கள், பிள்ளை அதை அடித்துவிட்டு ஓடுகிறது. ஸ்கோர் எழுதுவதில்லை. பேட் பிடிக்கும் மூலைக்கு 'ஹோம்' என்று பெயர். அங்கிருந்து முதல், இரண்டாம், மூன்றாம் பேஸ் என்று சதுரத்தின் மற்ற மூலைகளைச் சுற்றி ஹோமுக்கே திரும்பினால் ஒரு ரன். சின்னவன் முதல் ஆட்டத்தில் பந்தை அடித்துவிட்டு நேரே மூன்றாம் பேஸை நோக்கி ஓடினான். அவனை யாரும் கடிந்துகொள்ளவில்லை, அடுத்த முறை பயிற்சியாளர் கூடவே ஓடிக் காட்டினார். 9, 10 வயதினர் ஆணும் பெண்ணும் கலந்து விளையாடுகிறார்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் பயிற்சியாளரே பந்து போடுகிறார். 11 முதல் 13 வரை சிறுமிகளுக்கு சாஃப்ட்பால், சிறுவர்களுக்கு பேஸ்பால். தாய்மார்கள் பலர் 'சாஃப்ட்' என்ற சொல்லை நம்பிவிடுகிறார்கள். அந்தப் பந்து மென்மையானது இல்லை. 12 அங்குலச் சுற்றளவு, கெட்டியான பந்து. பேஸ்பால் அதைவிடச் சிறியது, 9 அங்குலச் சுற்றளவுதான். சாஃப்ட்பாலில் கையைக் கீழிருந்து சுழற்றி எறிய வேண்டும், பேஸ்பாலில் தோளுக்கு மேலிருந்து.

மேல் இரண்டு நிலைகளிலும் நான்கு நான்கு அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற மூன்றோடும் மும்மூன்று முறை மோதுகிறது. ஆக 9 ஆட்டங்கள், பிறகு முதல் இரண்டு அணிகளுக்கு இறுதி ஆட்டம். ஓர் ஆட்டத்துக்கு 6 இன்னிங்ஸ் என்பது கணக்கு. ஆனால் 75 நிமிடம் தாண்டிவிட்டால் புதிய இன்னிங்ஸ் தொடங்குவதில்லை. 4 இன்னிங்ஸுக்குப் பிறகு 10 ரன் வித்தியாசம் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். 9, 10 வயதுப் பிரிவில் ஓர் இன்னிங்ஸில் 5 ரன் எடுத்தவுடன் பக்கம் மாறிவிடுகிறது. தோற்கிற பிள்ளைகள் முக்கால் மணி நேரம் வெயிலில் நின்று பந்து பொறுக்கும் கொடுமை இதனால் இல்லை.

நான் பணம் கொடுத்தது எதற்கு என்று கேட்டால், ஒரு விதிக்காக என்று சொல்வேன். வந்திருக்கும் எல்லாப் பிள்ளைகளும் வரிசையாக பேட் பிடிக்க வேண்டும். எல்லோரும் குறைந்தது தொடர்ச்சியாக 6 அவுட் விழும் வரை, அதாவது இரண்டு இன்னிங்ஸ், களத்தில் நிற்க வேண்டும். அதைச் சரிபார்ப்பது ஸ்கோர் எழுதுகிறவரின் வேலை. நான் எழுதிய ஆட்டங்களில் ஒரு முறை கூட அது தவறவில்லை. தவறப்போன ஓர் இடத்தில் எழுந்து நின்று சொன்னேன். இறுதி ஆட்டத்துக்கு முந்தைய வாரம் அது. தோற்றால் இறுதி இல்லை என்ற நிலை. சிவப்பு அணியின் பயிற்சியாளர், ஒல்லியான ஒரு சிறுமியை நான்காம் இன்னிங்ஸ் வரை உட்கார வைத்திருந்தார். "அண்ணே, 8ஆம் எண் பிள்ளை இன்னும் களத்துக்கு வரவில்லை" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு உடனே அனுப்பினார். மறந்துதான் போயிருந்தார் என்று நம்புகிறேன். அந்தப் பிள்ளை வலது மூலையில் போய் நின்றபோது, கோட்டுக்கு வெளியே அவளுடைய பாட்டி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பள்ளி அணியில் சேர்ந்து ஆண்டு முழுவதும் தண்ணீர்ப் பாட்டில் சுமந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். நானும் அப்படி ஒரு பிள்ளையாக இருந்தவள்.

ஸ்கோர் புத்தகம் பற்றிக் கொஞ்சம் நீட்டி எழுத அனுமதியுங்கள். களத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் ஒன்பது எண்கள். எறிபவர் 1, பந்து பிடிக்கும் கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே நிற்பவர் 6. தொலைவில் இடம், நடு, வலம் என்று 7, 8, 9. 6ஆம் இடத்தவர் உருண்டுவந்த பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிந்து அவுட் ஆக்கினால் '6–3' என்று எழுத வேண்டும். நல்ல பந்தை அடிக்காமல் விட்டாலோ, பேட்டை வீசியும் தவறினாலோ ஒரு ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆனால் ஆங்கிலத்துக் 'கே' எழுத்து. பேட் பிடித்தவர் பேட்டை வீசாமலே நிற்க, கண்ணெதிரே மூன்றாவது ஸ்ட்ரைக் போய்விட்டால் அந்த 'கே'யைத் திருப்பிப் போட வேண்டும். சார் ஒரு மாலையில் இதைக் கற்றுக்கொடுத்தார். ரவிக்கைக்கு அளவெழுதுகிற மாதிரிதான். சின்னச் சின்ன எண்கள், பிறகு அவற்றிலிருந்து முழு உருவத்தையும் எடுத்துவிடலாம்.

அந்தப் புத்தகம் ஒரு பையனின் கையைக் காப்பாற்றியது. பேஸ்பாலில் எறிபவர் ஒரு நாளில் எத்தனை பந்து எறியலாம் என்பதற்கு லிட்டில் லீக்கில் உள்ள வரம்பையே இங்கேயும் வைத்திருக்கிறார்கள். 9, 10 வயதுக்கு 75. 11, 12 வயதுக்கு 85. 13 வயதுக்கு 95. எறிந்த அளவுக்கு ஏற்ப ஓய்வும் உண்டு. 20 பந்து வரை ஓய்வு தேவையில்லை. 21 முதல் 35 வரை ஒரு நாள், 50 வரை இரண்டு நாள், 65 வரை மூன்று நாள், 65க்கு மேல் நான்கு நாள். வளரும் பிள்ளையின் முழங்கையிலும் தோளிலும் எலும்பு முனைகள் இன்னும் குருத்தாகவே இருக்கின்றன. தொடர்ந்து எறிந்தால் அங்கேதான் சேதம் என்று சார் முதல் கூட்டத்திலேயே விளக்கினார். சாஃப்ட்பாலில் கீழிருந்து சுழற்றி எறிவதால் எண்ணிக்கைக்குப் பதில் இன்னிங்ஸ் கணக்கு.

எங்கள் கடற்கரைப் பையன்களுக்குத் தோள் வலு அதிகம். வீச்சுவலையைத் தோளில் போட்டு, இடுப்பைத் திருப்பி, விரித்து எறியச் சின்ன வயதிலேயே கற்றுக்கொள்கிறார்கள். பந்து எறிவதிலும் இடுப்புத்தான் முதலில் திரும்ப வேண்டும். நீல அணியில் அப்படி ஒரு பையன், 12 வயது. ஒரு வெள்ளிக்கிழமை 62 பந்து எறிந்தான், எதிரணி நிலைகுலைந்துவிட்டது. அடுத்த ஆட்டம் திங்கட்கிழமை. அவனுடைய தந்தை காலையிலேயே வந்து, "இன்றைக்கும் அவன்தான் எறிய வேண்டும், அவனுக்கு வலியே இல்லை" என்று நின்றார். உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்ற இருவரும் 2008இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியுடன் ஒப்பந்தம் போட்ட கதையை யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதையும் எடுத்துப் பேசினார். பயிற்சியாளர் என்னைப் பார்த்தார். புத்தகத்தைத் திறந்து, "அண்ணே, 62 இருக்கிறது. சனி, ஞாயிறு, திங்கள் ஓய்வு. செவ்வாய்க்கிழமை எறியட்டும்" என்றேன். "ஒரு பெண் பிள்ளை பென்சிலால் எழுதினதுக்காகவா?" என்று அவர் குரலை உயர்த்தினார். அப்போது சார் வந்தார். ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை. "அந்த அக்கா எழுதினதுதான் இங்கே சட்டம்" என்றார். பையன் அன்று முதல் பேஸில் நின்றான், நீல அணி தோற்றது. அந்தத் தந்தை மறுநாள் என் கடைக்கு வந்து மகனுடைய கால்சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனார். அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

மைதானம் ஊருக்கு வெளியே, பனங்காட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் திடல். தெற்கே கடல். அதை அளந்தது எங்கள் வீட்டு ஆண்கள். பேஸுக்குப் பேஸ் 60 அடி. கடலில் ஆழத்தைப் பாகத்தால் சொல்கிறவர்களுக்கு அது 10 பாகம், கையை விரித்துக் கயிற்றில் பத்து முறை அளந்தால் முடிந்தது. சதுரம் கோணாமல் இருக்க ஹோமிலிருந்து இரண்டாம் பேஸுக்கு மூலைவிட்டம் 84 அடி 10 அங்குலம் வர வேண்டும். அதை மட்டும் நான் என் அளவு நாடாவைக் கொண்டுபோய்ச் சரிபார்த்தேன், மூன்று அங்குலம் தவறியிருந்தது. எறியும் பலகை சிறுமிகளுக்கு 40 அடியில், சிறுவர்களுக்கு 46 அடியில். ஹோமுக்குப் பின்னால் பந்து ஓடிவிடாமல் நான்கு சவுக்கு மரங்களை நட்டு, தேய்ந்த இழுவலையை இரட்டையாக மடித்துக் கட்டியிருந்தார்கள். கடையில் வாங்கும் கம்பித் தடுப்பைவிட அது மேல். பந்து பட்டால் திரும்பிப் பாயாமல் அப்படியே விழுகிறது.

முதல் இரண்டு வாரம் ஒரு பெரிய குறை இருந்தது. தம்பி விதிப் புத்தகத்தைப் பார்த்து, ஹோமிலிருந்து இரண்டாம் பேஸுக்குப் போகும் கோடு கிழக்கு–வடகிழக்காக இருக்கும்படி களத்தை அமைத்திருந்தார். பேஸ்பால் விதிகளில் அப்படித்தான் பரிந்துரை. மாலையில் ஆடும் ஊர்களில், மேற்கே இறங்கும் வெயில் பேட் பிடிப்பவரின் கண்ணில் படாமல் இருக்க. ஆனால் ராமநாதபுரத்துக் கத்திரி வெயிலில் யார் மாலை நாலு மணிக்குப் பிள்ளைகளை இறக்குவது? எங்கள் ஆட்டங்கள் பெரும்பாலும் காலை 6 மணிக்கு. மே மாதத்தில் சூரியன் எழும்புவதும் அதே கிழக்கு–வடகிழக்கில்தான். எறிபவரின் தலைக்கு நேர் பின்னால் சூரியன், பேட் பிடிக்கும் பிள்ளைக்குப் பந்தே தெரியவில்லை. அந்த இரண்டு வாரத்தின் புத்தகத்தைப் புரட்டினால் காலை ஆட்டங்களில் திருப்பிப் போட்ட 'கே'க்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு பிள்ளைக்குத் தோளில் பந்து பட்டுக் கன்றிப்போனது.

நான் பக்கங்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். மாலை ஆட்டங்களில் அந்த எழுத்து எத்தனை, காலையில் எத்தனை என்று எண்ணி எழுதியிருந்தேன். தம்பி நெடுநேரம் பார்த்தார். பிறகு, "விதி எழுதினவர்கள் நம் ஊர் மே மாதத்தை நினைத்து எழுதவில்லை, அக்கா" என்றார். அன்று இரவே பத்துப் பதினைந்து ஆண்கள் பேட்டரி விளக்குகளோடு போனார்கள். பலகைகளைப் பிடுங்கி, வலைத் தடுப்பைக் கழற்றி, ஹோமைத் தெற்கே கடலோரம் வைத்து, இரண்டாம் பேஸ் நேர் வடக்கே வரும்படி திடலையே திருப்பிவிட்டார்கள். காலை வெயில் இப்போது பக்கவாட்டில் விழுகிறது. மறுநாள் 6 மணி ஆட்டத்தில் பிள்ளைகள் பந்தைப் பார்த்து அடித்தார்கள். பணம் வாங்கிக்கொண்டு சேவை தருகிற எத்தனையோ இடங்களில் நான் குறை சொல்லியிருக்கிறேன். ஒரே இரவில் பூமியைத் திருப்பி வைத்தவர்களை இங்கேதான் பார்த்தேன்.

கச்சான் காற்று மே கடைசியில் வலுத்தபோது இதனால் இன்னொரு மாற்றமும் வந்தது. தென்மேற்கிலிருந்து வரும் காற்று உயரே போகும் பந்தை வலது பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டு போனது. 9ஆம் இடத்தில் சோம்பி நின்ற பிள்ளைகளுக்கெல்லாம் திடீரென்று வேலை வந்துவிட்டது.

இனி என் மனத்தாங்கல்கள். என் மகள் இடக்கைக்காரி. இடது கையால் எறிகிறவர்களுக்கு வலது கையில் போடும் கையுறை வேண்டும். லீக் முழுவதற்கும் அப்படி இருந்தது ஒன்றே ஒன்று, அதுவும் சிறுவர் பிரிவில் மாட்டிக்கொண்டது. மூன்று வாரம் அவள் தவறான கையில் கையுறையைப் போட்டுப் பந்தைப் பிடித்து, அதைக் கழற்றிவிட்டு எறிந்தாள். அதற்குள் ஓடுகிறவர் ஒரு பேஸ் தாண்டிவிடுவார். பொறுக்க முடியாமல் இணையத்தில் 'இடது கை' என்று போட்டு ஒன்று வாங்கினேன். வந்தது இடது கையில் அணியும் கையுறை, அதாவது வலது கையால் எறிகிறவருக்கானது. திருப்பி அனுப்ப இரண்டு வாரம் அலைந்தேன். வாங்குகிற தாய்மார்கள் கவனியுங்கள்: எந்தக் கையில் அணிவது என்று கேட்காதீர்கள், எந்தக் கையால் எறிகிறவருக்கு என்று கேளுங்கள். கடைசியில் சார் மீரட்டில் செய்த ஒன்றை வரவழைத்துக் கொடுத்தார். பதிவுத் தாளிலேயே எந்தக் கை என்று ஒரு கேள்வி இருந்தால் இத்தனை பாடு இல்லை.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. 40 பெண் பிள்ளைகள் விளையாடும் திடலில் கழிப்பறை இல்லை. பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கவே தயங்கினார்கள். அந்த வெயிலில் தண்ணீர் குடிக்காமல் கேட்சரின் மார்புக் கவசமும் கால் கவசமும் மாட்டிக்கொண்டு குந்தியிருந்தால் என்ன ஆகும்? எங்கள் லாத்தா தன் வீட்டுக் கதவைத் திறந்து வைத்தார். திடலிலிருந்து ஐந்து நிமிட நடை. ஆட்டத்தின் நடுவே பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக அங்கே போய் வந்தார்கள். ஒருவருடைய நல்ல மனத்தை நம்பி ஒரு பருவத்தை நடத்தக் கூடாது. இதைச் சாரிடம் நேரிலும் சொன்னேன், எழுதியும் கொடுத்திருக்கிறேன். அடுத்த ஆண்டு இது சரியாகாவிட்டால் வயதுக்கு வந்த பிள்ளைகளைச் சேர்க்க வேண்டாம் என்றே மற்றத் தாய்மார்களிடம் சொல்வேன்.

சாப்பாட்டில் குறையில்லை. ஆட்டம் முடிந்ததும் அந்தந்த வீட்டார் முறை வைத்துக் கொண்டுவருவது நுங்கு, மோர், அவித்த கடலை. பாக்கெட் தின்பண்டம் கூடாது என்பது விதி. பனங்காட்டுக் குடும்பங்களின் முறை வரும் நாளில் பிள்ளைகள் சீக்கிரமே வந்துவிடுவார்கள். நடுவர் "பால்" என்று கூவுவதை எண்ணிக்கொண்டிருந்த என் மாமியார், "நாலு பால் ஆனால் நடந்து போகலாம் என்கிறார்களே, எந்தப் பாலை?" என்று கேட்டார். ஸ்ட்ரைக் பகுதிக்கு வெளியே போக, அடிக்காமல் விடும் பந்துக்கு அந்தப் பெயர், அப்படி நாலு வந்தால் முதல் பேஸுக்கு நடந்து போகலாம் என்று விளக்கிய பிறகு, ஒவ்வோர் ஆட்டத்திலும் நடுவருக்கு முன்பே அவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டார்.

மூன்றாவது குறை, இறுதி ஆட்டத்தின் தேதி. ஜூனில் பள்ளி திறந்த பிறகு ஆட்டங்கள் சனி, ஞாயிறுக்கு ஒதுங்கின. தள்ளித் தள்ளிப் போய், சிறுமிகளின் இறுதி ஆட்டம் ஜூன் 14 மாலை என்று ஆனது. அன்று நள்ளிரவோடு தடை முடிகிறது. காலையிலிருந்தே மண்டபம் படகுத் துறையில் படகுக்கு ஐஸ் ஏற்றுவார்கள், டீசல் பிடிப்பார்கள், வலை ஏற்றுவார்கள். இரண்டு மாதம் முள் பொறுக்கின ஆண்கள், இரவில் திடலைத் திருப்பின ஆண்கள் ஒருவர் கூட அன்று அங்கே இல்லை. என் வீட்டுக்காரரும் இல்லை. தடைக்காலத்தை நம்பி நடக்கும் லீக், அது முடியும் நாளை மறக்கலாமா? ஜூன் முதல் வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். அதற்காக 9 ஆட்டங்களை 6 ஆகக் குறைத்தாலும் எனக்குச் சம்மதம்.

பச்சை அணி 7–6 என்று தோற்றது. தோற்றவர்களுக்கும் அதே கைக்குலுக்கல், அதே மோர். நான் என் இரண்டு பிள்ளைகளையும் அடுத்த மார்ச்சில் சேர்க்கிறேன். 900 ரூபாயை இப்போதே ஒரு டப்பாவில் போட ஆரம்பித்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் 16ஆம் தேதி காலை கரைக்கு வந்தார். குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவர், "புத்தகத்தை எடு" என்றார். முதல் இன்னிங்ஸிலிருந்து வாசித்தேன். 6–3. அடுத்தவள் 'கே'. அடுத்தவள் நாலு பாலில் நடந்தாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார், களம் கண்ணில் தெரிவது போல. நான்காம் இன்னிங்ஸில் மகளின் கட்டத்துக்கு வந்தேன். இரண்டு ஸ்ட்ரைக், ஒரு பால், பிறகு 9ஆம் இடத்தின் தலைக்கு மேலே ஓர் அடி. மூன்று பேஸ். இருவர் வீடு வந்து சேர்ந்தார்கள். "பந்து எங்கே போய் நின்றது?" என்று கேட்டார். "ஒற்றைப் பனையின் அடியில்" என்றாள் மகள்.

மாலையில் அவளைக் கூட்டிக்கொண்டு திடலுக்குப் போனார். நானும் போனேன். ஹோம் பலகை இன்னும் மண்ணில் இருந்தது. அதில் காலை வைத்து, இரண்டு கைகளையும் விரித்து, தரையில் கோடு கிழித்து, மறுபடியும் விரித்து, எண்ணிக்கொண்டே வடகிழக்காக நடந்தார். அவள் பின்னாலேயே உரக்க எண்ணிக்கொண்டு போனாள். பனையின் அடிமரத்தை அவருடைய விரல் தொட்டபோது 22 பாகம். அந்த எண்ணை நான் அவளுடைய கட்டத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதினேன்.